ஒரு கட்டுக் கீரையின் கணக்கு

எங்கள் வீட்டுப் பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில் இன்னொரு கணக்கு ஓடுகிறது. இடது பக்கம் செலவு, வலது பக்கம் வரவு. எழுதுவது என் மனைவி. செலவுப் பக்கத்தில் க்ரோ பேக், கோகோபீட், மண்புழு உரம், வேப்பம் புண்ணாக்கு. வரவுப் பக்கத்தில் கீரை, கத்தரிக்காய், நாலு பச்சைமிளகாய். பறித்த காயை எடை போட்டு, அன்றைக்குத் தெருமுனைக் கடையில் என்ன விலையோ அந்த விலைக்கே வரவு வைப்பார். நான் 'இயற்கையாய் விளைந்தது, கூடுதலாய்ப் போடு' என்று கெஞ்சினாலும் ஒரு ரூபாய் ஏற்ற மாட்டார்.

மாடித்தோட்டம் போட்டால் காய்கறிச் செலவு மிச்சம் என்று சொல்லாத ஆள் இல்லை. எவ்வளவு மிச்சம் என்று கேட்டால்தான் பேச்சு மனநிறைவு, பசுமை, பேரப்பிள்ளைகள் என்று வேறு பக்கம் போய்விடுகிறது. அதெல்லாம் உண்மைதான். ஆனால் இந்தக் கட்டுரை காசைப் பற்றியது.

2021 நவம்பரில் மழை கொட்டித் தீர்த்தபோது சென்னையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியது. அந்த ஆத்திரத்தில் பிறந்தது எங்கள் தோட்டம். தாம்பரம் பக்கத்தில் சொந்த வீடு, மேலே மொட்டை மாடி, நல்ல வெயில். வேறென்ன வேண்டும்? முதல் வருடச் செலவை நோட்டில் இருந்தபடியே சொல்கிறேன். முப்பது பைகள் 1,200 ரூபாய். எட்டு கோகோபீட் கட்டிகள் 1,600. மண்புழு உரம் 2,250. வேப்பம் புண்ணாக்கு 400. விதை, நாற்று 600. வேப்பெண்ணெய் வகையறா 350. நிழல்வலை 1,500. பூவாளி, கைக்கொத்து, கயிறு 500. மொத்தம் 8,400.

வரவு 3,150.

அதைப் பார்த்ததும் தோட்டத்தையே மூட்டை கட்டிவிடலாமா என்று தோன்றியது. மனைவிதான் வரவுப் பக்கத்தைப் பிரித்துப் பார்க்கச் சொன்னார். தக்காளி, கத்தரி, வெண்டை, காலிஃபிளவர் என்று இருபத்திரண்டு பைகள் சேர்ந்து கொடுத்தது 1,250 ரூபாய். ஓரமாக ஒதுக்கி வைத்திருந்த எட்டுப் பைகளில் கீரையும் புதினாவும் கறிவேப்பிலையும். அவை கொடுத்தது 1,900. பெரிய ஆசையோடு வைத்ததெல்லாம் கையைக் கடித்தது. சும்மா கிடக்கட்டும் என்று வைத்தது காப்பாற்றியது.

தக்காளி என்னும் ஆசை

மாடித்தோட்டம் தொடங்குகிற யாரும் முதலில் வைப்பது தக்காளி. செடியில் சிவப்பாய்த் தொங்கினால் படம் எடுக்க அழகு. கணக்கு மட்டும் அழகாக இல்லை.

இருபது லிட்டர் கொள்ளும் பை ஒன்று நாற்பது ரூபாய். ஐந்து கிலோ கோகோபீட், அதாவது நார்த்தூள் கட்டியை ஊறவைத்தால் அறுபது, எழுபது லிட்டராக உப்பும். உரத்தோடு கலந்தால் நாலைந்து பைக்கு வரும். அந்த வகையில் பைக்கு நாற்பத்தைந்து ரூபாய். மண்புழு உரம் ஐந்து கிலோ போட்டால் எழுபத்தைந்து. புண்ணாக்கு, நாற்று, குச்சி எல்லாம் சேர்த்து ஒரு தக்காளிச் செடியை நிற்க வைக்க 175 ரூபாய் ஆகிறது. எங்கள் மாடியில் நல்ல செடி கொடுத்தது இரண்டு கிலோ. கிலோ முப்பது ரூபாய்க்கு விற்கும் நாளில் அது அறுபது ரூபாய். போட்ட முதல் திரும்ப அதே பையில் மூன்று போகம் எடுக்க வேண்டும். இடையில் இலைச்சுருட்டு வரக்கூடாது, காய்ப்புழு வரக்கூடாது, அணில் வரக்கூடாது.

சரி, விலை நூறு, நூற்றைம்பது என்று ஏறும்போதாவது லாபம் வராதா? இங்கேதான் நான் ஏமாந்தேன். 2023 ஜூலையில் தக்காளி விலை மறுபடி எகிறியது. அரசே ரேஷன் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்கு விற்கும் நிலை வந்தது. ஓடிப்போய் மாடியைப் பார்த்தேன். ஆறு செடிகள் நின்றன, ஒன்றிலும் காய் இல்லை. பகல் வெயில் 35 டிகிரியைத் தாண்டி, இரவும் புழுங்கினால் தக்காளியின் மகரந்தத்துக்கு வீரியம் குறைந்துவிடும். பூ பூக்கும், உதிரும். சென்னைக்குத் தக்காளி அனுப்பும் மதனப்பள்ளியிலும் கோலாரிலும் எந்த வெப்பமும் நோயும் செடியைப் படுத்தியதோ, அதேதான் என் மாடியிலும் நடந்தது. ஊர் முழுக்க விளையாததால்தான் விலை ஏறுகிறது. ஊருக்கு விளையாதபோது நமக்கு மட்டும் விளையும் என்று எப்படி நினைத்தேனோ!

முருங்கையும் அப்படியே. 2024 கடைசியில் முருங்கைக்காய் கிலோ நானூறு ரூபாயைத் தொட்டபோது, டிரம்மில் வைத்திருந்த எங்கள் மரத்திலும் ஒரு காய் கிடையாது. மழையில் பூ நிற்காது. ஆனால் மரம் முழுக்க இலை இருந்தது. அந்த மாதம் ஆறு முறை முருங்கைக்கீரை பொரியல். காய்க்கு ஆசைப்பட்டு வைத்த மரம் கீரையாகத்தான் கடனை அடைத்தது.

எட்டு மீன் பெட்டி

இரண்டாம் வருடம் தோட்டத்தைத் தலைகீழாக்கினோம். மீன் கடையில் தூக்கிப் போடும் தெர்மாகோல் பெட்டிகள் எட்டு கிடைத்தன. கழுவி, வெயிலில் நாலு நாள் காயவைத்து, அடியில் துளை போட்டு, ஆறு அங்குலத்துக்கு மண்கலவை நிரப்பினோம். கீரைக்கு அந்த ஆழம் தாராளம்.

இதில் முக்கியம் விதைக்கும் முறை. எட்டுப் பெட்டியிலும் ஒரே நாளில் தூவினால் ஒரே வாரத்தில் வீடு முழுக்கக் கீரை, அடுத்த மூன்று வாரம் ஒன்றும் இருக்காது. வாரத்துக்கு இரண்டு பெட்டி. முளைக்கீரை, சிறுகீரை எல்லாம் இருபத்தைந்து நாளில் பறிப்புக்கு வந்துவிடும். நாலாவது வாரம் முடியும்போது முதல் இரண்டு பெட்டி தயார். பறித்த அன்றே கிளறி, கைப்பிடி உரம் போட்டு மறுபடி தூவுகிறோம். சுற்று நிற்பதே இல்லை. விதையை மணலோடு கலந்து தூவுங்கள்; தனியாகத் தூவினால் எறும்புக்குத்தான் விருந்து.

இது வாரத்துக்கு இரண்டு கட்டு. இன்னொரு இரண்டு கட்டு, விதையே வேண்டாத கூட்டத்திலிருந்து வருகிறது. கடையில் வாங்கிய பொன்னாங்கண்ணியின் தண்டை நட்டாலே பிடித்துக்கொள்ளும். பசலையும் அப்படித்தான். புதினாவைச் சட்னிக்கு ஆய்ந்த பிறகு மிஞ்சும் காம்பை ஊன்றினால் போதும். தவசிக்கீரை ஒரு குச்சி கிடைத்தால் வருடக்கணக்கில் வெட்டலாம். மணத்தக்காளியை யாரும் நடவே வேண்டாம். காக்கை, குருவி நட்டுவிட்டுப் போகும். அரைக்கீரையை வேரோடு பிடுங்காமல் கிள்ளி எடுத்தால் மாதக்கணக்கில் தழையும்.

எங்கள் பகுதியில் இன்றைக்குக் கட்டு 25 ரூபாய். வாரம் நாலு கட்டு என்றால் நூறு ரூபாய், வருடத்துக்கு ஐயாயிரம். கடைக்கீரையை வாங்கிய அன்றே ஆய வேண்டும். நாளைக்கு என்று வைத்தால் பாதி அழுகி, குப்பைக்குப் போகும் காசு தனி. மாடியில் இருக்கும் கீரை செடியிலேயே காத்திருக்கும்.

கறிவேப்பிலையும் கொத்தமல்லியும் ஒரு காலத்தில் கொசுறு. காய் வாங்கினால் கடைக்காரரே பையில் செருகிவிடுவார். கேட்காமல் கொடுத்த அந்தக் கை இப்போது பத்து ரூபாய்க்குச் சின்ன முடிச்சாகக் கட்டி நீட்டுகிறது. கறிவேப்பிலை, மல்லி, புதினாவுக்கு மட்டும் மாதம் இருநூறு ரூபாய் போகிறது என்று நோட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம். பழைய பெயிண்ட் வாளியில் ஒரு கறிவேப்பிலைக் கன்று, இரண்டு தொட்டி புதினா. மல்லி விதையை லேசாகத் தேய்த்து இரண்டாக உடைத்துத் தூவ வேண்டும். கோடையில் மல்லி சரியாக வராது, சீக்கிரம் பூத்துவிடும். அந்த மூன்று மாதம் கடையில் வாங்குகிறோம். அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

பட்டம் பார்த்து

ஆடிப்பட்டம் தேடி விதை என்பது வயலுக்கு மட்டும் சொன்னதில்லை. மாடிக்கு இன்னும் கறாராகப் பொருந்தும். வயலில் வேர் ஆழத்தில் குளிர்ச்சியைத் தேடிக்கொள்ளும். பையில் எங்கே ஓடும்?

அவரைக்காயை எடுத்துக்கொள்ளுங்கள். நம் நாட்டுக் கொடி அவரை, பகல் சுருங்கும் காலத்தில்தான் பூக்கும். ஆடியில் ஊன்றினால் மழையில் கொடி வீசி, மார்கழி, தையில் கொத்துக் கொத்தாய்க் காய்க்கும். அதையே தையில் ஊன்றிவிட்டு, 'கொடி மாடி முழுக்கப் படர்ந்திருக்கிறது, ஒரு பூகூட இல்லையே' என்று புலம்புகிறவர்களை எனக்குத் தெரியும். அதில் முதல் ஆள் நான். குத்து அவரை ரகங்களுக்கு இந்த வம்பு இல்லை, எப்போது ஊன்றினாலும் காய்க்கும்.

வெண்டைக்கு ஆடியும் தையும் நல்லது. கோடையில் போட்டால் வெள்ளை ஈ மஞ்சள் நரம்பு நோயைக் கொண்டுவந்துவிடும். இலை மஞ்சளாகிக் காய் வெளிறிப் போகும். பீர்க்கு, பாகல், புடல், சுரைக்கும் ஆடியும் தையும்தான். முள்ளங்கி, பீட்ரூட், காலிஃபிளவர் என்று ஆசைப்பட்டால் புரட்டாசி, ஐப்பசியில் தொடங்கிப் பனிக்காலத்தில் முடிக்க வேண்டும். காலிஃபிளவரை நான் விட்டுவிட்டேன். மூன்று மாதம் ஒரு பையை அடைத்துக்கொண்டு ஒரே ஒரு பூ. அந்தப் பூவுக்குள்ளும் நமக்கு முன்னால் ஒரு புழு.

கொடிக்காய் வைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மூன்றாவது மாடிக்குத் தேனீ நாம் நினைக்கிற அளவு வருவதில்லை. பிஞ்சு விட்டுப் பழுத்து உதிர்ந்தால் உரம் போதவில்லை என்று கொட்டாதீர்கள். ஆண்பூவைப் பறித்துப் பெண்பூவின் நடுவில் தொட்டுவிடுங்கள். பாகல் காலையில் மலரும். பீர்க்கும் சுரையும் சாயங்காலம். நேரம் தெரியாமல் காலையில் போய்ப் பீர்க்கம்பூவைத் தேடினால் வாடிய பூதான் கிடைக்கும்.

காய்களில் காசு மிச்சம் பிடித்துக் கொடுத்தவை இரண்டு. ஒன்று கத்தரி. ஐந்தாறு மாதம் காய்த்து ஓய்ந்ததும் பிடுங்கிவிடாமல், தரையிலிருந்து ஒரு சாண் விட்டுக் கவாத்து செய்து உரம் வைத்தால் மறுபடி தழைத்துக் காய்க்கும். சுண்டைச் செடியில் ஒட்டுக்கட்டிய கத்தரி நாற்று கிடைத்தால் விலை கூடுதலானாலும் வாங்கலாம். வாடல் நோய் அவ்வளவு சீக்கிரம் அண்டாது. இன்னொன்று கோவைக்காய். ஒருமுறை நட்டால் வருடக்கணக்கில் காய்க்கும் கொடி. ஆனால் காய்க்கிற கொடியிலிருந்து தண்டு வாங்கித்தான் நட வேண்டும். கோவையில் ஆண்கொடி வேறு, பெண்கொடி வேறு. விதையில் வளர்த்து ஆண்கொடி அமைந்துவிட்டால் வெள்ளை வெள்ளையாய்ப் பூத்துக்கொண்டே இருக்கும், ஒரு காய் கிடைக்காது. எங்கள் கொடி எதிர்வீட்டு அக்கா கொடுத்தது. செலவு: பதிலுக்குக் கொடுத்த ஒரு கட்டுப் பசலை.

பங்குனி வெயில்

வருடம் முழுக்க வீட்டுக் காய் என்றால் பன்னிரண்டு மாதமும் பச்சைக்காய் பறிப்பது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். என் அம்மா ஒருமுறை ஊரிலிருந்து வந்தபோதுதான் அந்த எண்ணம் உடைந்தது. மாசியில் ஒரே வாரத்தில் மூன்று கிலோ கத்தரிக்காய் வந்து, யாருக்குக் கொடுக்கலாம் என்று நாங்கள் அலைந்துகொண்டிருந்தோம். "ஏம்ப்பா, வெயில் சும்மாத்தானே கிடக்குது" என்றார் அம்மா. நறுக்கி, உப்புப் போட்டு அரைவேக்காடாக எடுத்து, அதே மாடியில் பழைய வேட்டியை விரித்துக் காயவைத்தார்.

நம் வீடுகளில் வத்தல் என்பது ருசிக்காகத் தோன்றியதில்லை. கூடுதலாய் விளைந்ததை விளையாத மாதத்துக்குக் கொண்டுபோக நம் பாட்டிகள் கண்ட வழி அது. பங்குனி, சித்திரை வெயிலில் செடி காய்ப்பது குறையும். அதே வெயில் காயவைத்து எடுக்க உதவும். கத்தரி வத்தல், கொத்தவரை வத்தல், மோர்மிளகாய், சுண்டை, மணத்தக்காளி. இவற்றைக் கடையில் விலை கேட்டுப் பாருங்கள். சுண்டைக்காய் வத்தலும் மணத்தக்காளி வத்தலும் காய்கறிப் பட்டியலில் சேராமல் மளிகைப் பட்டியலில் ஒளிந்துகொண்டு காசைத் தின்பவை. ஒரு சுண்டைச் செடியும் தானாய் முளைத்த மணத்தக்காளியும் இருந்தால், ஐப்பசி, கார்த்திகையில் மழை அடித்துத் தோட்டம் படுத்துக் கிடக்கும்போது வத்தக்குழம்புக்குக் கவலை இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் அடித்துப் பாதிப் பைகள் கவிழ்ந்தபோது எங்களுக்குக் கைகொடுத்தது டப்பாவில் இருந்த வத்தல்தான்.

மறைந்திருக்கும் செலவு

மண்ணுக்குச் செலவு செய்வது முதல் வருடத்தோடு நிற்க வேண்டும். அதற்குப் பிறகும் மாதாமாதம் உரம் வாங்கினால் அது தோட்டம் இல்லை, இன்னொரு மளிகைக்கடைப் பற்று. எங்கள் சமையலறையில் ஒரு நாளைக்கு முக்கால் கிலோ தோலும் காம்பும் சேரும். மூடி போட்ட இரண்டு டிரம்கள், பக்கவாட்டில் துளைகள். ஒரு பங்கு சமையல் கழிவுக்கு அதே அளவு காய்ந்த சருகு, மேலே கொஞ்சம் பழைய மண், ஒரு கரண்டி புளித்த மோர். இரண்டு, மூன்று மாதத்தில் கறுப்பாக, மண்வாசனையோடு உதிரும். நாற்றம் அடித்தால் சருகு போதவில்லை என்று அர்த்தம். கொடுமுடி மருத்துவர் நடராஜன் பரப்பிய பஞ்சகவ்யாவை லிட்டருக்கு 30 மில்லி கலந்து தெளிப்போம். மாவுப்பூச்சிக்கு வேப்பெண்ணெய் லிட்டருக்கு ஐந்து மில்லி, கரைய வைக்கக் கொஞ்சம் காதி சோப்புக் கரைசல், சாயங்கால நேரத்தில்.

விதையும் அப்படித்தான். வீரிய ஒட்டு ரகத்தில் எடுத்த விதை அடுத்த முறை தாயைப் போல வராது. வருடாவருடம் வாங்க வேண்டும். நாட்டு ரகமானால் நல்ல செடியில் ஒரு காயை முற்றவிட்டால் போதும். வெண்டை செடியிலேயே காய்ந்து வெடிக்க வேண்டும். கத்தரி மஞ்சளாகப் பழுக்க வேண்டும். சாம்பலில் புரட்டி, காயவைத்து, டப்பாவில் தேதி எழுதி வைக்கிறோம். கிராமத்தில் சுரை விதையைச் சாணி வரட்டியில் பதித்துச் சுவரில் அடித்து வைப்பார்கள்; தாம்பரத்தில் சுவர் இருக்கிறது, சாணிதான் இல்லை.

தண்ணீர்க் கணக்கை யாரும் எழுதுவதில்லை. கோடையில் நாற்பது பைக்குத் தலா ஒன்றரை லிட்டர் என்றால் தினம் அறுபது லிட்டர், மாதம் 1,800. கிணறோ போர்வெல்லோ இருப்பவர்களுக்கு இது பொருட்டில்லை. லாரித் தண்ணீர் வாங்குபவருக்கு லிட்டர் பதினைந்து காசு என்றாலும் மாதம் 270 ரூபாய். கீரையில் வந்த மிச்சத்தில் பாதிக்கு மேல் அங்கே போய்விடும். 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, சென்னையே குடத்தோடு தெருவில் நின்றபோது, செடிக்கு ஊற்ற யாருக்கு மனசு வரும்? அரிசி, பருப்பு, காய் கழுவிய தண்ணீரையும் ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரையும் வாளியில் பிடிக்கிறோம். மண்ணுக்கு மேல் சருகு மூடாக்கு போட்டால் ஒருவேளைத் தண்ணீர் மிச்சம்.

எல்லாவற்றையும் விடப் பெரிய செலவு காலுக்கடியில் இருக்கிறது. ஆட்கள் நடமாடும் மொட்டை மாடியைப் பொதுவாகச் சதுர மீட்டருக்கு 150 கிலோ கூடுதல் சுமை தாங்கும் கணக்கில்தான் கட்டுகிறார்கள். இருபது லிட்டர் பையில் வெறும் செம்மண்ணை நிரப்பி நனைத்தால் முப்பத்தைந்து கிலோவை நெருங்கும். நார்த்தூள் கலவையானால் ஏறக்குறைய அதில் பாதி. பைகளைச் சுவரோரமாக, உத்தரம் ஓடும் வரிசையில், செங்கல் மேல் தூக்கி வையுங்கள். நடுமாடியில் பாத்தி கட்டி மண் கொட்டாதீர்கள். தட்டோட்டுக்குள் ஈரம் இறங்கி, கீழே சீலிங் ஒழுக ஆரம்பித்தால் பத்து வருடத்துக் கீரையை விற்றாலும் அந்த மராமத்துக்குக் காணாது. வாடகை வீடென்றால் வீட்டுக்காரரிடம் முதலில் கேளுங்கள். பழைய வீடென்றால் பொறியாளர் ஒருவரிடம் காட்டிவிட்டுத் தொடங்குங்கள்.

புதிதாய் ஆரம்பிப்பவர்கள் மாவட்டத் தோட்டக்கலைத் துறை அலுவலகத்தில் ஒரு வார்த்தை விசாரிக்கலாம். 2021-ல் தொடங்கிய முதலமைச்சரின் ஊட்டம் தரும் காய்கறித் தோட்டத் திட்டத்தில் ஆறு பை, ஆறு நார்த்தூள் கட்டி, விதை, உயிர் உரம், வேப்பெண்ணெய் அடங்கிய தொகுப்பை மானிய விலையில் கொடுத்தார்கள். இருப்பும் மானியமும் வருடத்துக்கு வருடம் மாறும், கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஆறு பை போதுமான தொடக்கம். நான் முப்பதில் தொடங்கியது வீம்பு.

நான்காம் வருடப் பக்கம்

நோட்டின் கடைசிப் பக்கத்துக்கு வருகிறேன். போன வருடச் செலவு 1,800 ரூபாய். கிழிந்த பைக்குப் பதில் சில, கொஞ்சம் புண்ணாக்கு, புது நிழல்வலையில் ஒரு துண்டு. வரவு 11,300. இதில் கீரை 5,000, கறிவேப்பிலை, மல்லி, புதினா 2,400, கத்தரி, கோவை, மிளகாய், அவரை எல்லாம் சேர்ந்து 3,000, வத்தல் 900. மிச்சம் 9,500. மாதத்துக்கு எண்ணூறு ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு.

எங்கள் வீட்டு மாதக் காய்கறிச் செலவு நாலாயிரம் ரூபாய். அதில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு மாடியிலிருந்து வருகிறது. நாலு பேரின் முழுச் சாப்பாட்டுக்கும் காய் விளைவிக்க எங்களிடம் இருப்பதைப் போலப் பல மடங்கு இடம் வேண்டும். 'காய்கறி வாங்குவதையே நிறுத்திவிட்டோம்' என்று யாராவது சொன்னால் அவர்களுக்குத் தோட்டம் மாடியில் இல்லை, தரையில் இருக்கிறது. அல்லது நோட்டு இல்லை. எங்கள் உழைப்புக்குக் கூலி போட்டால் கணக்கு மறுபடி தலைகீழாகும். தினம் முக்கால் மணி நேரம் ஆகிறது. அந்த நேரத்தை மனைவி செலவில் எழுதவில்லை. நான் கைப்பேசியை நோண்டாத முக்கால் மணி நேரம் என்பதால் வரவிலாவது வைக்கலாம் என்கிறார்.

தொடங்க நினைப்பவர்கள் தயவுசெய்து தக்காளி நாற்றோடு வீட்டுக்கு வராதீர்கள். இரண்டு மீன் பெட்டி, ஒரு கைப்பிடி முளைக்கீரை விதை, சந்தையில் வாங்கிய புதினாக் காம்பு. கூடவே ஒரு நோட்டு.

இந்த வாரம் எங்கள் வீட்டில் காசு கொடுத்து வாங்கியது: தக்காளி இரண்டு கிலோ, வெங்காயம் இரண்டு கிலோ, உருளைக்கிழங்கு ஒரு கிலோ, கேரட் அரைக் கிலோ. கீரை வாங்கவில்லை.